ஹாலிஎலச் சந்தியும் ஒரு பற்றுக் கொப்பியும்

சென்ற ஆண்டு பத்தாந் தர மாணவர்களுக்கு ஓர் ஒப்படை கொடுத்திருந்தேன். “எமது பிரதேசத்தில் பார்க்கவும் சாப்பிடவும் உகந்த இடங்கள்” என்பது தலைப்பு. முப்பத்திரண்டு பிள்ளைகள் எழுதித் தந்தார்கள். பார்க்கும் இடங்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. துன்ஹிந்த நீர்வீழ்ச்சி, தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம், போகொட மரப்பாலம், முதியங்கனை விகாரை எல்லாம் வந்திருந்தன. சாப்பிடும் இடங்களைப் பார்த்தபோதுதான் யோசனை வந்தது. பாதிக்கு மேற்பட்டவை எல்ல நகரத்து உல்லாசப் பயணிகளுக்கான கடைகள். மிச்சம், கோழிப் பொரியலும் பீட்ஸாவும் விற்கும் புதுக் கடைகள். நாம் நித்தம் கடந்துபோகும் தேத்தண்ணிக் கடை ஒன்றேனும் இல்லை.

ஒரேயொரு பிள்ளை, தோட்டத்திலிருந்து வருகிறவள், கடைசி வரியாக இப்படி எழுதியிருந்தாள்: “எங்கள் தாத்தா சம்பள நாளில் ஹாலிஎல நானா கடையில் ரொட்டி சாப்பிடுவாராம்.” எந்தக் கடை என்று கேட்டேன். “தெரியாது டீச்சர். இப்ப அந்தக் கடை இல்லையாம்” என்றாள். என் அப்பாவின் கடையாகவும் இருக்கலாம், வேறொருவருடையதாகவும் இருக்கலாம். அந்தக் காலத்தில் சந்தியில் அப்படி மூன்று கடைகள் இருந்தன. (எங்கள் பக்கத்தில் பாட்டனாரைத்தான் ‘அப்பா’ என்போம், தகப்பனார் ‘வாப்பா’.)

அந்த ஒரு வரிக்குப் பதிலாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். நம்மவர்கள் எழுதும் ஊர் வரலாறுகளில் பள்ளிவாசல் கட்டிய ஆண்டு இருக்கும், காணி கொடுத்த தனவந்தர் பெயர் இருக்கும், முதல் பட்டதாரி யார் என்பதும் இருக்கும். மற்றச் சமூகத்தாரோடு நாம் நாள்தோறும் முகம் பார்த்துப் பேசிய இடம் சாப்பாட்டுக் கடை. அதற்கு ஒரு பக்கமும் ஒதுக்கப்படுவதில்லை.

தவளம் தங்கிய இடங்கள்

ஊவாவில் சாப்பாட்டுக் கடையின் கதை பாதையின் கதைதான். இன்றைய ஏ5 நெடுஞ்சாலை பேராதனையில் தொடங்கி நுவரெலியா, வெலிமடை வழியாக ஹாலிஎலைக்கு வந்து, பதுளை, பிபிலை, மகாஓயா கடந்து செங்கலடியில் முடிகிறது. பெரகலையிலிருந்து பண்டாரவளை வழியாக வரும் ஏ16 வீதி ஹாலிஎலையில் அதனோடு சேர்கிறது. வரைபடத்தை விரித்துப் பார்த்தால், மலையும் கீழ்க்கரையும் கைகுலுக்கும் இடத்தில் இந்தச் சந்தி இருப்பது விளங்கும்.

தார் வீதிக்கு முன்னரும் இந்தத் திசையில் போக்குவரத்து இருந்தது. பொதிமாடுகளின் கூட்டத்தைத் ‘தவளம்’ என்பார்கள். கரையிலிருந்து உப்பும் கருவாடும் மலைக்கு ஏறும். மலையிலிருந்து பாக்கும் தானியமும் இறங்கும். கண்டி இராச்சியத்தில் இந்தப் பொதிமாட்டுப் போக்குவரத்துக்கென்றே ‘மடிகே’ என்ற நிர்வாகப் பிரிவு இருந்தது. அதில் முஸ்லிம்கள் பெரும் பங்கு வகித்தார்கள். இலங்கை முஸ்லிம்களைப் பற்றி 1994இல் வெளிவந்த தமது நூலில் பேராசிரியை லோர்னா தேவராஜா இதை விரிவாக எடுத்துக் காட்டியிருக்கிறார். வெல்லஸ்ஸைப் பகுதியின் பழைய முஸ்லிம் கிராமங்கள் பலவும் இந்தத் தவளப் பாதையோடு தொடர்புடையவை.

தவளக்காரர் தங்குவதற்கு அம்பலங்கள் இருந்தன. அங்கே கடை இல்லை. அடுப்புக் கல் இருக்கும், தண்ணீர் பக்கத்தில் இருக்கும், சமைத்துச் சாப்பிட்டு விடியற்காலையில் புறப்படுவார்கள். ஹாலிஎலைப் பக்கமாகப் போய்ப் பார்க்கக்கூடிய போகொட மரப்பாலம் அந்தக் காலத்தை நினைவூட்டும். 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததெனக் கருதப்படும் இந்தப் பாலம் பதுளையிலிருந்து கண்டிக்குப் போன பழைய பாதையில் கல்லந்த ஓயாவின் மேல் நிற்கிறது. மேலே ஓட்டுக்கூரை, பக்கத்தில் கடைந்தெடுத்த மரக்கிராதி. ஆற்றைக் கடப்பதற்கு மட்டும் என்றால் கூரை தேவையில்லை. மழைக்கு ஒதுங்கி ஆறுதலாக இருந்துவிட்டுப் போவதற்கும் சேர்த்தே அதைக் கட்டியிருக்கிறார்கள்.

பாதையில் வாழ்ந்த வியாபாரிக்கு ஆபத்தும் பாதையிலேயே இருந்தது. 1815இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனபின், வெல்லஸ்ஸை முஸ்லிம்களுக்கு ஹாஜி மரிக்கார் என்பவரை முகாந்திரமாக ஆங்கிலேயர் நியமித்தார்கள். அதுவரை அந்த மக்கள் மீது அதிகாரம் செலுத்திய சிங்களப் பிரதானிகளுக்கு இது பெரும் மனத்தாங்கலாயிற்று. 1817இல் ஊவாக் கிளர்ச்சி வெடித்தபோது ஹாஜி மரிக்கார் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். ஆள்பவனுக்கும் ஊராருக்கும் நடுவில் நிறுத்தப்பட்ட வியாபாரியின் நிலை அது. தோட்டத் துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவில் கடை வைத்திருந்த என் அப்பாவை நினைக்கும்போதெல்லாம் இந்தச் சம்பவமும் கூடவே நினைவுக்கு வரும்.

வண்டியும் கோச்சியும்

கோப்பித் தோட்டங்கள் வந்ததும் பொதிமாடு போய் மாட்டுவண்டி வந்தது. 1869இல் இலைநோய் கண்டு கோப்பி படிப்படியாக அழிந்தது; தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. 1886இல் ஊவா தனி மாகாணமாயிற்று. வண்டிக்காரர் மாடு மாற்றும் இடத்தில், மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் இடத்தில், ஏற்றத்தின் அடியில் என்று கடைகள் முளைத்தன. பதுளை நகருக்குப் போகிறவர்கள் பழைய வெலேகடைச் சந்தைக் கட்டடத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். எண்கோண வடிவில் நடுமுற்றம் வைத்துக் கட்டிய அந்தக் கட்டடம், ஒரு நிர்வாக நகரம் தன் சந்தையை எவ்வளவு முக்கியமாக நினைத்தது என்பதைக் காட்டும்.

அடுத்த மாற்றம் புகையிரதம். 1894இல் பண்டாரவளை வரைக்கும் வந்த பாதை பதுளைக்கு வந்துசேர முப்பது வருடம் எடுத்தது. மலை விடவில்லை. 1921இல் ஒன்பது வளைவுப் பாலம் முடிந்தது. நீளம் 91 மீற்றர், உயரம் 24 மீற்றர். இரும்புச் சட்டம் இல்லாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டே கட்டினார்கள். தெமோதரையில் பாதை ஒரு சுற்றுச் சுற்றி, தன் நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்தால் புகுந்து போகிறது. 1924இல் முதல் கோச்சி பதுளைக்கு வந்தது. தெமோதரைக்கும் பதுளைக்கும் இடையில் உடுவரை, ஹாலிஎல என்று இரண்டு நிலையங்கள். கொழும்பிலிருந்து ஏறத்தாழ 290 கிலோமீற்றர் வந்தபின் பாதை பதுளையோடு முடிகிறது.

கோச்சி வந்ததும் கடைகள் இடம்பெயர்ந்தன. ஏற்றத்தின் அடியில் இருந்த கடைக்கு வேலை இல்லாமல் போயிற்று. நிலையத்துக்குப் போகும் வழியில் இருந்த கடைக்கு வேலை வந்தது. பிறகு பஸ் வந்தபோது சந்திக் கடை எழும்பியது. பாதை மாறுவதும் அதைத் தொடர்ந்து கடை மாறுவதும் இந்த மாகாணத்தில் ஒரு வழமை.

கடையின் முன்பக்கமும் பின்பக்கமும்

அப்பா சுதந்திரத்துக்குச் சற்று முன்னர் ஹாலிஎலையில் கடை போட்டார். தகரக் கூரை, நான்கு பலகை மேசை, கண்ணாடி அலுமாரி, வாசலில் தொங்கும் வாழைக்குலை. காலையில் இடியப்பமும் சம்பலும், பத்து மணிக்குப் பணிஸ், மத்தியானம் சோறு, பின்னேரம் ரொட்டி. தேத்தண்ணி எந்நேரமும். ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கித் தந்த வரண்ட காற்று ஜூலை முதல் செப்டெம்பர் வரை அடிக்கும். அந்த மாதங்களின் நல்ல கொழுந்து கப்பலேறிப் போய்விடும். கடைக் கேத்தலுக்கு வந்ததெல்லாம் தூள் தேயிலை. அதிலும் இஞ்சியைத் தட்டிப் போட்டுக் கொடுத்தால் சனம் தேடி வரும் என்று வாப்பா சொல்வார்.

கடையில் இரண்டு அடுப்பு இருந்ததாம். ஒன்றில் மாட்டிறைச்சிக் கறி. மற்றதில் பருப்பும் மரக்கறியும் மட்டும். அதற்கென்று தனிச் சட்டி, தனி அகப்பை. தோட்டத்து ஆட்களில் மாட்டிறைச்சி தொடாதவர்கள் பலர். வெள்ளிக்கிழமையில் எந்த இறைச்சியும் தொடாதவர்களும் இருந்தார்கள். அந்த இரண்டாவது அடுப்பில் இறைச்சிச் சட்டியை யாராவது வைத்துவிட்டால் அப்பாவுக்குக் கோபம் வரும். “அவன் நம்பித் திங்கிறான். நம்பிக்கைய கெடுத்தா அதுவும் ஹராம்தான்” என்பாராம். பல்லின நல்லிணக்கம் பற்றி இன்று கருத்தரங்குகளில் கேட்கும் பேச்சுகளைவிட அந்த இரண்டாவது அடுப்பு எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஆனால் கடை அப்பாவால் மட்டும் நடக்கவில்லை. இடியப்ப மாவை வறுத்தது, விடியுமுன் பிழிந்து அவித்தது, சம்பல் அரைத்தது எல்லாம் வாப்பும்மா. கடைக்கு நேர் பின்னால் வீடு. நடுவில் ஒரு சாக்குத் திரை. அந்தத் திரைக்கு இந்தப் பக்கம் அவர் வந்ததில்லை. ஹாலிஎலையில் அவர் கைச்சாப்பாட்டைச் சாப்பிடாதவர் குறைவு; அவர் முகம் பார்த்தவர் அதைவிடக் குறைவு. வாடிக்கையாளர்கள் “நானா கடை” என்றே சொன்னார்கள். நானும் பெரியபிள்ளையானபின் கடையின் முன்பக்கம் போகவில்லை. ஆகவே நான் எழுதுவதும் திரைக்குப் பின்னால் கேட்ட கதைதான் என்பதை வாசகர்கள் மனதில் கொள்ள வேண்டும்.

அரபுத் தமிழில் ஒரு கணக்கு

அப்பா மௌத்தான பின் கடை சில வருடங்கள் வாப்பாவின் பொறுப்பில் நடந்து, பிறகு மூடப்பட்டது. இன்று அந்த இடத்தில் கைத்தொலைபேசிக் கடை இருக்கிறது. சாமான்களை ஒதுக்கும்போது மூன்று பற்றுக் கொப்பிகள் அகப்பட்டன. தோட்டத்து ஆட்கள் சம்பளம் வரும்வரை கடனுக்குச் சாப்பிட்ட கணக்கு. “நானா, பத்துல எழுதிக்கிங்க” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சம்பள நாளில் வந்து தீர்ப்பார்கள்.

கொப்பிகள் அரபுத் தமிழில் இருந்தன. தமிழ்ச் சொல், அரபு எழுத்து, அரபியில் இல்லாத தமிழ் ஓசைகளுக்குப் புள்ளி கூட்டி உருவாக்கிய எழுத்துகள். அரபுத் தமிழ் மார்க்க நூல்கள் பற்றியும் பாடல்கள் பற்றியும் பேராசிரியர் ம. மு. உவைஸ் போன்றோர் நிறைய எழுதியிருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்தபோது நானும் அவற்றை வாசித்தேன். ரொட்டிக்கும் சம்பலுக்கும் கணக்கெழுதிய அரபுத் தமிழை எந்த விரிவுரையிலும் கேட்டதில்லை. “கீழ்க்கணக்கு மூணாம் லயம், ரொட்டி நாலு, பருப்பு, வெறுந்தேத்தண்ணி” என்று ஒரு வரியை எழுத்துக்கூட்டி வாசித்தபோது உடம்பு சிலிர்த்தது. ஓதுவதற்குக் கற்ற எழுத்தைக் கொண்டு தோட்டத்துத் தமிழனின் பசியைப் பதிந்து வைத்திருக்கிறார்.

பெருமைப்பட மட்டும் அந்தக் கொப்பியில் இடமில்லை. நன்றாக உற்றுப் பார்த்தபோது ஒரே ரொட்டிக்குக் காசு விலை ஒன்று, பற்று விலை ஒன்று இருப்பது தெரிந்தது. ஐந்து சதம் கூட. வட்டி இல்லைதான், ஆனாலும் கடனுக்குச் சாப்பிட்டவன் கூடக் கொடுத்திருக்கிறான். மலையக எழுத்தாளர்கள் கடைக்காரரைச் சுரண்டல்காரராகக் காட்டும்போது நம்மவர்களுக்குக் கோபம் வருகிறது. அந்த ஐந்து சதத்தைப் பார்த்தபின் எனக்கு அந்தக் கோபம் குறைந்துவிட்டது. இரண்டாவது அடுப்பை வைத்தவரும் ஐந்து சதம் கூட்டியவரும் ஒரே ஆள். வரலாறு எழுதுகிறவர்கள் இரண்டையும் எழுத வேண்டும்.

தீராத வரிகள்

1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 975,000 பேரில் 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவது, மீதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்பது ஏற்பாடு. 1974இல் அந்த மீதியையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள்.

எங்கள் கொப்பியில் இந்த ஒப்பந்தம் வேறு விதமாகப் பதிந்திருக்கிறது. தீர்த்த கணக்கின் மேல் அப்பா குறுக்குக்கோடு இழுப்பார். எழுபதுகளின் பக்கங்களில் கோடு இழுக்காத வரிகள் கூடுகின்றன. சிலவற்றின் ஓரத்தில் ஒரே சொல்: “போய்ட்டான்.” பதுளையிலும் ஹாலிஎலையிலும் கோச்சி ஏறி, தலைமன்னார் போய், கப்பலில் இராமேஸ்வரம் சேர்ந்தவர்கள் அவர்கள். வழியனுப்ப வந்தவர்களின் அழுகையால் அந்தக் கோச்சிக்கு மலையகத்தில் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயர். அதே எழுபதுகளில் நாட்டில் அரிசி, மாத் தட்டுப்பாடும் இருந்தது. பாணுக்கு வரிசை, தோட்டங்களில் பட்டினி. கொப்பியில் ரொட்டி குறைந்து மரவள்ளி கூடுவதை நாமே பார்க்கலாம்.

ஒரு பக்கத்தில் மட்டும் “போய்ட்டான்” என்பதற்குக் கீழே இன்னொரு வரி உண்டு: “போகும்போது தந்தான்.” கப்பலேறப் போகிறவன், திரும்பி வரமாட்டான் என்று இருவருக்கும் தெரியும். வந்து கடனைத் தீர்த்துவிட்டுப் போயிருக்கிறான். அப்பா அந்தக் காசை வாங்கினாரா, வழிச்செலவுக்குத் திருப்பிக் கொடுத்தாரா? கொப்பி சொல்லவில்லை. வாங்கியிருப்பார் என்றே நினைக்கிறேன். அவருக்கும் பிள்ளைகள் ஏழு.

எரிப்பதா, வைப்பதா

மௌத்துக்கு முன் அப்பா, “கடனையெல்லாம் ஹலாலாக்கிட்டன். கொப்பிய வெச்சிக்காதீங்க” என்று சொல்லியிருந்தார். ஆகவே வாப்பா கொப்பிகளை எரிக்க முடிவெடுத்தார். அதில் நியாயம் இருக்கிறது. மன்னித்த கடனை எழுத்தில் வைத்திருப்பது மன்னிப்பைக் குறைப்பதாகும். இன்னாரின் தகப்பன் இவ்வளவு பாக்கி என்று நாளைக்கு யாராவது சொல்லிக்காட்டவும் கூடும். இரண்டு கொப்பிகள் எரிந்தன. மூன்றாவதை நான் பாடசாலைப் பைக்குள் மறைத்தேன். பல வருடம் கழித்து வாப்பாவிடம் சொன்னபோது கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “பேர் ஒண்டும் வெளியால போடாதே மகள்” என்றார். அதனால்தான் இங்கே ஒரு பெயரும் இல்லை.

நான் செய்தது சரிதானா என்று இன்னும் யோசிக்கிறேன். கடனை அழித்துவிட வேண்டும். அந்த மனிதர்கள் இருந்தார்கள், சாப்பிட்டார்கள், நம்மை நம்பினார்கள், நாம் அவர்களிடம் ஐந்து சதம் கூட வாங்கினோம் என்ற செய்தி அழியக் கூடாது. இரண்டும் ஒரே தாளில் இருப்பதுதான் சங்கடம்.

வருகிறவர்களுக்கு

இன்று ஹாலிஎல பதுளையின் புறநகராக வளர்ந்துகொண்டிருக்கிறது. பதுளை பசறை வீதியில் 2005இல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் வந்தபின் எல்லாத் திசைப் பிள்ளைகளும் இங்கே தங்கிப் படிக்கிறார்கள். அவர்களை நம்பிப் புதுச் சாப்பாட்டுக் கடைகள் எழும்புகின்றன. எல்லயில் வெளிநாட்டுக்காரர் கூட்டம். அங்கே கொத்துரொட்டி இல்லாத விலைப்பட்டியல் இல்லை. அதைக் கொத்துகிற பையனை விசாரித்தால் பெரும்பாலும் கீழ்மாகாணத்துக்காரனாகவோ தோட்டத்துப் பிள்ளையாகவோ இருப்பான். பாதை மறுபடி மாறியிருக்கிறது, கடையும் மாறுகிறது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு நம் கடைகளுக்குள் வரச் சனம் தயங்கிய மாதங்களையும் பார்த்தவள் நான். அந்த மாதங்களில் சந்தியில் மிஞ்சியிருந்த ஒரே பழைய கடைக்கு முதலில் திரும்பி வந்தவர்கள் தோட்டத்து ஆட்கள். ஏன் வந்தார்கள் என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அந்த இரண்டாவது அடுப்பை நினைத்து வந்தார்கள் என்று சொல்ல ஆசைதான். சாட்சி இல்லாமல் எழுத முடியாது.

ஊவாவுக்கு வருகிற வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒன்பது வளைவுப் பாலத்தைப் பாருங்கள். தெமோதரை நிலையத்தில் இறங்கி, கோச்சி உங்கள் காலடியில் புகுந்து போவதையும் பாருங்கள். துன்ஹிந்தவுக்கு நடக்கும்போது பாதையோரத்தில் பெலிமல் தேத்தண்ணி விற்கும் அம்மாக்களிடம் ஒரு கோப்பை வாங்கிக் குடியுங்கள். போகொடப் பாலத்துக் கூரையின் கீழ் கொஞ்சநேரம் உட்காருங்கள். பிறகு ஹாலிஎலையிலோ பசறையிலோ லுணுகலையிலோ ஒரு பழைய கடைக்குள் போய் ரொட்டி கேளுங்கள். சாப்பிட்டு முடிந்ததும், “இந்தக் கடை எப்ப தொடங்கினது? பழைய கணக்குக் கொப்பி ஏதும் இருக்கா?” என்று விசாரியுங்கள். உள்ளே சமைப்பது யார் என்றும் கேளுங்கள்.

உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படியொரு கொப்பி இருக்கலாம். கடனை மன்னித்துவிடுங்கள். பெயர்களை மறைத்துவிடுங்கள். கொப்பியை எரிக்காதீர்கள்.

அந்த மாணவிக்கு ஒப்படையில் முழுப் புள்ளி கொடுத்தேன். அவளுடைய தாத்தா உயிரோடு இருக்கிறாராம், கண் தெரியாதாம். வரும் விடுமுறையில் போய்ப் பார்க்க இருக்கிறேன். ரொட்டி எப்படி இருந்தது என்றும், அந்த ஐந்து சதம் பற்றி அவருக்குத் தெரியுமா என்றும் கேட்க வேண்டும்.